முடிவுக்கு முன் புத்தகத்தை மூடியவர்

செவ்வாய்க்கிழமை காலை அரிசி லாரிக்காரர் பள்ளி வாசலில் நின்று, "வாத்தியாரய்யா, பெக்கான் நானாஸ்ல நம்ம பழைய கிராணி காய்ச்சல்ல போயிட்டாங்க. நேத்தே எடுத்துட்டாங்களாம்" என்றார். "அப்படியா" என்றேன். பிறகு உள்ளே போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். மூன்று நாளாகிறது, இன்னும் எனக்கு அழுகை வரவில்லை.

நாகமுத்து அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஏழு ஆண்டுகள் கிராணியாக இருந்தார். ஆபீசில் கணக்கு எழுதுவதும் மர நிரைகளைச் சுற்றிப் பார்ப்பதும்தான் அவர் வேலை. பள்ளியை விட்டு மரம் சீவப் போய்விட்ட பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசிக்கும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. அது ஒரு சொல்லால் வந்த வினை.

வந்த புதிதில், பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், ரம்புத்தான் பழம் திருடிய நான்கு பேரைக் கண்டிக்க நினைத்து, "பின்னேரம் என்னட்டை வாங்கோ, கொஞ்சம் கதைக்க வேணும்" என்றாராம். யாழ்ப்பாணத்தில் கதைப்பதென்றால் பேசுவது. நம் பிள்ளைகளுக்கு அது எங்கே தெரியும்? குளித்து, தலைவாரி, பாயோடு பதினோரு பேர் வந்து உட்கார்ந்து, "என்ன கதைங்க ஐயா?" என்றார்கள். அவருக்குத் திட்ட வாய் வரவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். பாதியில் இருட்டிவிட்டதால் மூடினார். மறுநாள் அந்தக் கதையின் முடிவுக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாத குறைதான்.

அதிலிருந்து, முடிவுக்கு முன் மூடிவிட்டு, "நீங்களெண்டா என்ன செய்வியள்?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று. சரி, தப்பு என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. "இதெல்லாம் ஒரு பாடமா?" என்று நான் கேலி செய்வேன். பிழையைக் கண்டால் உடனே சிவப்பு மையால் சுழிக்கிறவன் நான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

போன ஆண்டு, முனியம்மா என்ற விதவையின் நிரையில் மரங்கள் ஆழமாகக் காயம்பட்டிருந்தன. நாகமுத்து அவர்கள் முனியம்மாவின் பெயரை எழுதி, தோட்ட நிர்வாகியான துரையிடம் கொடுத்துவிட்டார். லயத்து வீட்டைக் காலி செய்யும்படி அந்த அம்மாளுக்கு உத்தரவு வந்தது. அன்று மாலை அவர் வாசித்தது, ஒருவர் செய்த தப்பு இன்னொருவர் தலையில் விழுகிற கதை. வழக்கமான கேள்வியைக் கேட்டதும் அஞ்சலை என்கிற பெண் எழுந்தாள்.

"அந்த மரத்தையெல்லாம் நான்தாங்க கெடுத்தேன். முனியம்மா அத்தைக்கு முடியலன்னு ஒரு வாரம் அவங்களுக்குப் பதிலா நான் சீவுனேன்."

மறுநாள் நாகமுத்து அவளைக் கூட்டிக்கொண்டு துரையிடம் போனார். முனியம்மா தப்பினார். அஞ்சலையைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். ஆனால், ஆள் மாறியதைக் கிராணி தெரிந்தே மறைத்தார் என்று துரைக்குச் சந்தேகம். உண்மையில் அந்த வாரம் அவர் நிரைப் பக்கமே போகவில்லை. மலேரியாவில் சுருண்டு கிடந்தார். துரை அப்போது சிங்கப்பூரில். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த எனக்கு மட்டுமே அது தெரியும்.

"வாத்தியார், நான் படுத்துக் கிடந்ததை நீங்கள் கண்டனீங்கள்தானே? துரையிட்டை ஒருக்காச் சொல்லுவியளோ?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடமும் என் வேலையும் துரையின் கையில். "பாக்கலாங்க" என்றேன். நம் பேச்சில் அதற்கு மாட்டேன் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் என்ன பொருளோ, இரண்டு நாள் காத்திருந்தார். பிறகு துரை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட, பெட்டியைக் கட்டிக்கொண்டு பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்.

நேற்று மாலை பிள்ளைகள் அவருக்காகக் கூடினார்கள். சிநேகிதர் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். நடந்ததைச் சொன்னேன். தலையைத் தூக்காமல் சொன்னேன்.

அஞ்சலைதான் வாய் திறந்தாள். "எங்களுக்கு அப்பவே தெரியுங்க. வாத்தியாருக்குப் பிள்ளைகுட்டி இருக்கு, அவங்கள யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு ஐயா சொல்லிட்டுத்தான் போனாங்க."

இன்று காலை துரையின் ஆபீசுக்குப் போனேன். அந்த வாரம் நாகமுத்து காய்ச்சலில் கிடந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது, நான் சாட்சி என்றேன்.

"எந்த வாரம்?" என்று கேட்டார் துரை. அவருக்கு நினைவில்லை.

கிராணியாரே, சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.