ஹெடி என்ற சொல்லுக்கு நான் சொன்ன உதாரணம்

மெல்லிய தாள் புரளும் சரசரப்பும், துறைமுகத்து நிலக்கரித் தூசி படிந்த பழைய தோல் அட்டையின் வாசனையும்தான் எங்கள் ராயபுரம் வீட்டுச் சாயங்காலங்கள். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். தம் தாத்தா காலத்து ஆங்கில வேதப்புத்தகத்தை வாசித்து ஜெபம் முடித்ததும், அதில் ஒரு சொல்லை எடுத்து அவர் அர்த்தம் சொல்ல, எஸ்தர் அக்காவும் நானும் ஆளுக்கொரு உதாரணம் சொல்லவேண்டும். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எங்கள் எல்லாருடைய பெயரும் பிறந்த நாளும் மையால் எழுதியிருக்கும். அதில் பெயர் இருந்தால்தான் இந்த வீட்டு ஆள் என்று நான் நம்பியிருந்தேன்.

பத்து வயதுச் சிறுமியாக நான் இருந்தபோது, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு சாயங்காலம், "ஹெடி" என்ற சொல் வந்தது. "இப்ப அதுக்கு வேற அர்த்தம் சொல்றாங்க. வேதத்துல அதுக்கு, முன்ன பின்ன யோசிக்காம தலதெறிக்க ஓடுறவன்னு அர்த்தம்" என்றார் நைனா. எப்போதும் அக்காதான் முந்திக்கொள்வாள். அன்று நான் முந்தினேன்.

"எஸ்தரக்கா மாதிரி நைனா! ரயில்வே ஷெட்டு சவரி அண்ணனோட காசிமேட்டாண்ட தனியா பேசிகினு இருந்துச்சே!"

மெச்சிக்கொள்வார் என்று நினைத்தேன், பாவி.

சவரி கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை. அந்தக் காலத்தில் அது போதும். நைனா அக்காவை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பேனாவை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பி, அவள் பெயர்மேல் கோடு இழுத்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம அவங்கம்மாவ இட்டாந்து உங்ககிட்ட பேசச் சொல்லத்தான் நைனா நின்னேன்" என்று அக்கா சொன்னபோது மை காய்ந்துகொண்டிருந்தது.

"ஒரு வார்த்த கேட்டீங்களா அவள? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் அக்கா சவரியோடு எண்ணூருக்குப் போய்விட்டாள். நைனாவின் கோபம் ஒரு மாதத்திலேயே தணிந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியும்; ஆனால் இழுத்த கோட்டை எப்படி அழிப்பது என்று தெரியாமல், "தானா வரட்டும், தானா வரட்டும்" என்றே இரண்டு வருஷத்தை ஓட்டினார். கடைசியில் சவரிதான் வந்தார், பிரசவத்தில் அக்கா போய்விட்டாள் என்று சொல்ல. நைனா செருப்புக்கூடப் போடாமல் தெருவில் தலைதெறிக்க ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் உதாரணம் கேட்கவில்லை.

இன்று அந்த நிலக்கரிக் குவியல்களும் இல்லை, எங்கள் வீடும் இல்லை, அம்மாவும் நைனாவும் இல்லை. புத்தகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு நேரே, ஓரத்தில், நைனா எப்போதோ பென்சிலால் தம் பெயரை எழுதிவைத்திருக்கிறார். அதை முதலில் பார்த்த அன்று நெடுநேரம் அழுதேன். பிறகு அதன் கீழே என் பெயரையும் எழுதினேன். முதல் பக்கத்தில் எல்லாருடைய பெயர்களும் வெளிறிவிட்டன. அக்காவின் பெயர்மேல் இழுத்த கோடுதான் இன்னும் அப்படியே இருக்கிறது.