நாய்த்தலை கேட்ட கவுன்சிலர்

ஃப்ராஃப்ரா இனத்தவரான எங்கள் ஊரின் கவுன்சிலர் அக்கோல்கோ கோழி வியாபாரி. மாவட்ட அலுவலகத்துக்கு வருடக்கணக்காக அலைந்து ஊருக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு போட அனுமதி வாங்கினார். கிணறு போட வந்தவர்களோ, ஊர் மண்ணைத் தொட உத்தரவு தரும் மண்பூசாரியிடம் கேட்காமலே துளையிடத் தொடங்கிவிட்டார்கள். ஊரே தடியோடு சூழ்ந்தது. அவர்களுடைய டிரைவர் டேரி துளையிடும் லாரியைத் திருப்பினான். போனால் இனி வராது.

அக்கோல்கோ குறுக்கே போய் நின்றார். டேரி டகாபா இனத்தான். அவர்கள் எங்களுக்குக் கேலிமுறை; எவ்வளவு திட்டினாலும் கோபப்படக் கூடாது, கைநீட்டக் கூடாது. நாய்க்கறியில் தலை யாருக்கு என்பதுதான் இரு இனத்துக்கும் பழைய கேலிச் சண்டை.

"டேய் நாய்த்தலைத் திருடா! என் பங்குத் தலை எங்கடா?"

டேரி முறைத்தான். பிறகு அவனும் பதிலுக்குக் கத்தினான்.

"உன் மூஞ்சிக்கு வாலே அதிகம்டா, அடிமைப் பயலே!"

கூட்டம் சிரித்துவிட்டது. தடிகள் இறங்கின.

அக்கோல்கோ சைக்கிள் கூடையிலிருந்து சேவலை எடுத்து நீட்டினார். "இதைக் காணிக்கையா வெச்சு பூசாரிகிட்ட நீயே வந்து கேளு."

டேரி இறங்கினான். பூசாரி சேவலை வாங்கிக்கொண்டு சம்மதித்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் இன்று குடிக்கிறோம்.