ஒரே செவ்வாயில் இரண்டு அழைப்புகள்

ஒரு சாட்சியை நேரில் வரவழைப்பதால் உண்டாகும் தாமதமும் செலவும் சிரமமும் நியாயமான அளவை மீறும் என்று நீதிமன்றம் கருதினால், அவர் வருகையைத் தவிர்த்து, கமிஷன் அனுப்பி அவரை விசாரிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. சட்டத்தின் பெயரை மாற்றினார்கள், பிரிவுகளின் எண்ணை மாற்றினார்கள், இதை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். யாரும் தொடாத பொருள் தேய்வதில்லை.

நீதிமன்ற அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். பழவேற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே வீடு. என் ஒரே மகள், ஏரிக்குள் தீவாக இருக்கும் ஒரு குப்பத்துப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது பிரசவம் முடிந்த நாலாம் மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மருமகன் கடலுக்குப் போகிறவன். பிள்ளைகளை என்னிடம் விட்டான். என் மனைவி அதற்கு முன்பே இல்லை. நான் சொல்லும் காலத்தில் பேத்திக்கு ஐந்து வயது, பேரனுக்கு மூன்று.

சாட்சி ஆனது என் சொந்த முட்டாள்தனம். முகத்துவாரத்தில் ஓர் ஆண் பிணம் ஒதுங்கியது. பிரேத விசாரணைக்கு அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் பஞ்சாயத்தார்களாகக் கையெழுத்திட வேண்டும். குப்பத்துக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் போலீஸ் காகிதத்தில் கை வைக்க மாட்டார்கள். செத்தவன் எந்தக் குப்பம் என்று தெரியும்வரை பெரியவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். எந்தக் குப்பத்துக்கும் சேராத, எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் அகப்பட்டேன். இடுப்பில் பேரன் அழுதுகொண்டிருந்தான். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று கையெழுத்துப் போட்டேன். பிறகு அது கொலை வழக்கானது. போலீஸ் பஸ் நிற்கும் இடத்தில் பிடித்து நிறுத்திய மற்ற நாலு பஞ்சாயத்தார்களில் எவரும் கொடுத்த விலாசத்தில் இல்லை.

முதல் சம்மன் வந்த அன்றே மனு எழுதினேன். இரண்டு குழந்தைகளுக்கு நான் ஒருவனே துணை, நேர் வருகையிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும் என்று, பிறப்புச் சான்றும் மகளின் இறப்புச் சான்றும் இணைத்து அனுப்பினேன். அப்படிப்பட்ட மனுக்கள் எங்கே போய்த் தூங்கும் என்பதும் எனக்குத் தெரியும். எத்தனையோ மனுக்களை நானே தாலாட்டித் தூங்க வைத்திருக்கிறேன்.

பதில் வரவில்லை, வாய்தாதான் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய நீதிமன்றம். மீன் விற்கும் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். ஏலத்துக்கு அவள் விடியற்காலையில் போய்விட்ட நாட்களில் இருவரையும் கூட்டிக்கொண்டே போனேன். பேரன் நீதிமன்ற வராந்தாவில் சிறுநீர் கழித்தான். என் காலத்தில் எனக்குக் கீழே இருந்த டவாலி அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், சாட்சி மூணு பேரா? ஒருத்தரு ஏற்கெனவே வாக்குமூலம் குடுத்துட்டாரு போல" என்றான். நானும் சிரித்தேன். ஐந்து முறை போனேன். ஐந்து முறையும் கூண்டில் ஏறாமல் திரும்பினேன்.

இதற்கிடையில் மருமகன் மறுமணம் செய்துகொண்டான். அதில் எனக்கு வருத்தமில்லை. சித்திரை வெயிலில் ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றான். பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பதை ஊர்க்கூட்டத்தில் வைத்திருக்கிறார்கள் என்றான். கிழவன் கோர்ட்டுக்கு அலைகிறான், பிள்ளைகள் தெருவில் நிற்கின்றன என்று பேச்சாம். "செவ்வாக்கெழம காலைல கூட்டம் மாமா. நீங்க வந்து ஒக்காந்துட்டா எங்க ஆளுங்க ஒண்ணும் பேச மாட்டாங்க. வர்லன்னா வுட்டுக் குடுத்துட்டாருன்னுதான் அர்த்தம்" என்றான். அவன் குரலில் வந்துவிடுங்கள் என்ற கெஞ்சல் இருந்தது. அன்று நான் அதைக் கேட்கவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே செவ்வாய்க்கிழமை எனக்கு வாய்தா. போகாவிட்டால் பிடிவாரண்ட். வாரண்ட் உள்ளவனிடம் பிள்ளைகளை யார் விடுவார்கள் என்று யோசித்தேன். தேதியை மாற்றச் சொல்லி மருமகனிடம் கேட்டேன். ஊர் கூடுகிற நாளில் யாரும் வலை எடுப்பதில்லை, ஒருவனுக்காக எல்லோரும் இன்னொரு நாள் தொழிலை விட மாட்டார்கள் என்றான். ஆகவே எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். ஊர்க்கூட்டத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு மனு. தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கை ரசீது, என் ஓய்வூதிய ஆணை எல்லாம் இணைப்பு. நான் வர இயலாத காரணத்தைச் சொல்ல சம்மனின் நகலும் உண்டு. அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, பிள்ளைகளையும் அவளோடு படகில் ஏற்றிவிட்டு, பஸ் பிடித்தேன்.

நீதிமன்றத்தில் எதிரித் தரப்பு வக்கீல் வரவில்லை. பதினொன்றரைக்கு வழக்கு தள்ளி வைக்கப்பட்டது.

நான் பழவேற்காட்டில் இறங்கியபோது அவள் தனியாகப் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். பெண்கள் கூட்டத்துக்குள் உட்கார முடியாது. அவள் ஓரமாக நின்று காகிதத்தை நீட்டியிருக்கிறாள். பிள்ளைகளின் தாத்தா சார்பாக யார் பேசுவது என்று வழக்கப்படி மூன்று முறை கேட்டிருக்கிறார்கள்.

"காயிதத்த கையில வாங்கவே இல்ல சார். அது பேசுமான்னு ஒருத்தன் கேட்டான். எல்லாம் சிரிச்சானுங்க. அப்பறம் பெரியவரு, வராதவன் குடுத்துட்டான், எழுந்திரிங்கன்னுட்டாரு. நீ ஒரு வார்த்த பேச வேணாம் சார், சும்மா வந்து குந்தியிருந்தா போதும்."

இதுதான் என் படிப்பின் லட்சணம். காகிதம் மட்டும் செல்லும் இடத்துக்கு உடம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். உடம்பு மட்டும் செல்லும் இடத்துக்குக் காகிதத்தை அனுப்பினேன். அந்த ஊரில் பெண்ணைக் கொடுத்தவன், எட்டு ஆண்டுகள் அவர்கள் வீட்டு விசேஷங்களில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அவர்களில் எழுதத் தெரியாதவனுக்குக்கூட இந்தத் தவறு வந்திருக்காது.

பிள்ளைகளின் துணிகளை எடுக்க மறுநாள் மருமகன் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் அழைத்து வருகிறேன் என்றான். இரண்டு ஞாயிறு வந்தார்கள். இரண்டாவது முறை பேரன் என்னிடம் வர யோசித்து, அப்பன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேத்தி, தனக்கு இனி வேறு பள்ளிக்கூடம் என்று சொன்னாள். அதன் பிறகு மீன்பிடிப் பருவம் தொடங்கிவிட்டது, மருமகனுக்கு நேரமில்லை.

காப்பாளர் சட்டப்படி மனு போடலாமே என்று பழைய சக ஊழியர் ஒருவர் கேட்டார். போடலாம். பிள்ளைகளின் இயற்கைக் காப்பாளர் தகப்பன்தான் என்பது முதல் பத்தியிலேயே வரும். அதைத் தாண்டி வாதாடினாலும், அந்த வழக்கு முடியும்போது பேத்தி தானே வந்து சாட்சி சொல்லும் வயதில் இருப்பாள். நான் போடவில்லை. அவர்களைப் பார்க்கத் தீவுக்கும் போகவில்லை. போய் உட்கார வேண்டிய ஒரு நாள் இருந்தது, அன்று நான் போகவில்லை. இனிப் போய் நிற்பதற்கு என்ன பெயர் என்று எந்த நடைமுறையிலும் இல்லை.

வீட்டில் மதியம் இரண்டு மணி என்பது மிக நீளமானது. பேரன் தூங்கும் நேரம் அது. இப்போதும் அந்த நேரத்தில் மின்விசிறியைப் போட்டுவிட்டுச் சத்தம் செய்யாமல் நடக்கிறேன்.

ஒருநாள் பதிவுத் தபாலில் நீதிமன்ற உறை ஒன்று வந்தது. மனு பரிசீலிக்கப்பட்டது. மனுதாரர் இரண்டு சிறு குழந்தைகளைத் தனியாகப் பராமரித்து வருவதைக் கருத்தில் கொண்டு, அவர் நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தேதியையும் போடச் சொன்னார். போட்டேன்: மார்கழி பதினெட்டு, வெள்ளிக்கிழமை.