மச்சான் கொடுத்த தூண்டில் ரீல்

காரைக்கால் கடற்கரையில் நான் தூண்டில் வீசி முதன்முதலாகப் பிடித்தது என்ன தெரியுமா? மீன் இல்லை. என் சட்டைக் காலர்.

பொய் இல்லை சார். இது போன மாதத்துக் கதை. அரசலாறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். கையில் பிரான்சிலிருந்து வந்த தூண்டில் கழி. அதன் அடியில் பளபளவென்று ஒரு ரீல். பின்னால் ஓங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு வீசினேன். கழி முன்னால் போயிற்று. கை போயிற்று. முள் மட்டும் போகவில்லை. கழுத்துப் பக்கம் சுருக்கென்றது.

கூட வந்திருந்த என் மனைவி மங்கை, முள்ளைக் காலரிலிருந்து மெதுவாகக் கழற்றி எடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளி மாட்டியிருந்தா காதுங்க" என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம்!

அடுத்த வீச்சில் வேறு கூத்து. ரீலிலிருந்து நைலான் நரம்பு சுருள் சுருளாக, கொத்துக் கொத்தாகக் கிளம்பிக் கழியின் முதல் வளையத்தில் போய் அடைத்துக்கொண்டது. ஈயக்குண்டு என் காலடி மணலில் 'தொப்'. கையில் இருந்ததை ரீல் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தென்னை மரத்துப் பன்னாடை என்றால் நம்பியிருப்பார்கள்.

அந்த வழியாக வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன கிளிஞ்சல்மேட்டு மீனவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன சார், நரம்பு சிக்கிடுச்சா?"

"ஆமாங்க. இது ஏன் இப்படி ஆகுதுன்னு தெரியுங்களா?"

"வலைன்னா சொல்லுங்க, பாத்து சொல்றேன். இந்த மெஷினெல்லாம் நமக்கு ஆவாது. கையால வீசுனா மீனு வரும். மெஷினால வீசுனா மெஷினுதான் வரும்போல இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் மணலில் உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தேன்.

"மீன்தானே? மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? எதற்கு இந்த வேண்டாத வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விஷயம் மீன் இல்லை. என் மச்சான்!

கலியமூர்த்தி மச்சான் மங்கையின் ஒரே அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டு, இப்போது பாரீஸ் பக்கம் ஏதோ ஒரு கிடங்கில் வேலை. எங்கள் ஊர் நிலவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்... காரைக்காலில் கல்யாணப் பேச்சு எடுத்தால் ஜாதகத்துக்கு முன்னாலேயே ஒரு கேள்வி வரும் — "மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கா?" இருந்தால் அவர் மொட்டையா குட்டையா என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இல்லை. நான் நெடுங்காட்டு விவசாயி வீட்டுப் பிள்ளை, குமாஸ்தா உத்தியோகம். மச்சானுக்கு இந்தச் சம்பந்தத்தில் துளிகூட இஷ்டமில்லை. "எனக்கு இவரே போதும்" என்று பிடிவாதமாக நின்று என்னைக் கட்டிக்கொண்டவள் மங்கை.

அன்றிலிருந்து மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே பல்லவிதான். "இங்க என்ன இருக்கு? ரெண்டு பேரும் அங்க வந்துடுங்க. ஏற்பாடு நான் பண்றேன்." சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்த 'இங்க என்ன இருக்கு' இருக்கிறதே... அதைக் கேட்கும்போதெல்லாம் மங்கையின் முகம் சுருங்கிப் போகும். தான் தேர்ந்தெடுத்த வாழ்க்கையை அண்ணன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கேட்டு வாங்குகிற சாமானா அது?

போன முறை வந்தபோதுதான் மச்சான் இந்தக் கழியையும் ரீலையும் எனக்குக் கொடுத்தார். தெருவுக்குத் தெரு மதுக்கடை இருக்கிற காரைக்காலுக்கு பாட்டில் வாங்கி வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை என்று அவருக்கும் தெரியும். அதனால் இது. "மாப்ள, அடுத்த தடவ நான் வர்றப்ப நீங்க புடிச்ச மீன்லதான் கொழம்பு" என்றார். நானும் தலையாட்டினேன்.

அப்புறம் அது எங்கே போயிற்று? வேறெங்கே, ஷோகேஸுக்குத்தான். எங்கள் ஊரில் பாரீஸ், சிங்கப்பூர், துபாய் என்று வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். வீட்டுக்கு ஒரு கண்ணாடி அலமாரியும் இருக்கும். உள்ளே பிளக் பொருந்தாத காபி மெஷின், திறக்காத சென்ட் பாட்டில், பிரிக்காத மேஜைவிரிப்பு. வெளிநாட்டுச் சாமான் நம்மிடம் உபயோகித்துக் கெடுவதில்லை. பத்திரப்படுத்தியே கெடுகிறது!

இதற்கு நடுவில் மங்கை ஒரு காரியம் செய்திருந்தாள். அண்ணனுக்கு எழுதும்போதெல்லாம், "அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிழங்கான் மீன் பிடித்துக்கொண்டு வருகிறார்" என்று எழுதியிருக்கிறாள். எனக்கே தெரியாது. அடுத்த சனிக்கிழமை மச்சான் வருகிறார் என்று தெரிந்ததும்தான் கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்.

"நாம சந்தோஷமா இருக்கோம்னு காட்ட வேற என்னங்க எழுதறது? சம்பளத்தையா எழுத முடியும்?"

ரீலை எடுத்துத் தூசி தட்டினேன். அதன் விளைவுதான் மேலே சொன்ன காலர் வைபவம்.

சிக்கு விழுந்த ரீலோடு வீட்டுக்கு வந்தோம். கூட வந்த விளக்கத்தாள் முழுக்க பிரெஞ்சு. மங்கை கான்வென்ட்டில் கற்ற பிரெஞ்சை வைத்துப் படித்ததில் 'மீன்' என்ற ஒரு சொல்தான் புரிந்தது. நான் இயந்திரக் கோளாறு என்று முடிவு கட்டி, தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன்.

மங்கை தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள். மெஷினில் உட்கார்ந்தவள், பாபினை மாற்றும்போது சட்டென்று என் கையில் இருந்த ரீலை உற்றுப் பார்த்தாள்.

"இதுல நரம்பு சுத்துனது யாரு?"

"நான்தான். ஏன்?"

"ஏங்க இப்படிக் குவிச்சு வச்சிருக்கீங்க? விளிம்புக்கு மேல நிக்குதே! பாபின்ல இப்படிச் சுத்துனா நூலு சரிஞ்சு கொத்துக் கொத்தாத்தான் வரும்."

எனக்கு உறைத்தது. ரீலோடு வந்த நரம்பு கொஞ்சமாக இருக்கிறதே என்று, அதை எடுத்துவிட்டு வலைக் கடையில் புது நரம்பு வாங்கி, சுற்று சுற்று என்று சுற்றி, மேலே கோபுரம் கட்டியவன் நான்தான். காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் களத்தில் மரக்காலைத் தலைதட்டி அளப்பவனுக்கு மரியாதை கிடையாது. "கை வராதவன்" என்பார்கள். குவித்து, ஓரத்தில் நெல் சரிந்து விழ அளக்க வேண்டும். அதுதான் லட்சுமி. அந்தப் பழக்கத்தில் ரீலையும் குவித்து அளந்துவிட்டேன்! குறைவாக இருந்தால் ரீலுக்கே அவமானம் என்று நினைப்பு.

"நரம்பும் தாம்புக்கயிறாட்டம் இருக்கே. எதுக்கு இவ்ளோ தடிமன்?"

"சுறாவே மாட்டினாலும் அறாதாம். கடைக்காரர் சொன்னார்."

"மாட்டப்போறது கெழங்கான். மல்லுத்துணி ரவிக்கையை சாக்குத் தைக்கிற நூலால தைப்பாங்களாக்கும்?"

அதற்குமேல் வாதாடினால் நான் முட்டாள் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். ஆனால் தெருவுக்குத் தெரிய வேறு வழி இருந்தது. மெல்லிய நரம்பு வாங்கி வந்தோம். அதை முறுக்கு விழாமல், தளராமல் சுற்ற வேண்டுமே? வாசல் கம்பத்திலிருந்து கோடி வீடு வரைக்கும் நரம்பை நீட்டினோம். மங்கை ஈரத்துணியால் நரம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்க, நான் மெதுவாக ரீலைச் சுற்றிக்கொண்டே வந்தேன். சைக்கிள்காரர்களெல்லாம் இறங்கிக் குனிந்து போனார்கள்.

"என்ன மங்கை, மாஞ்சா போடுறீங்களா?" என்றார் எதிர்வீட்டு ஸ்டெல்லா அம்மா.

"இல்லக்கா. எங்க அண்ணன் வருது" என்றாள் மங்கை. எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

இந்த முறை விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திக்கொண்டேன். தலைதட்டிய அளவுக்கும் ஒரு நூல் குறைவாக! கை கூசத்தான் செய்தது.

அந்த வாரம் முழுக்க ஆபீசுக்குக் கிளம்புமுன் கடற்கரையில் ஒத்திகை. முள் இல்லாமல், வெறும் ஈயக்குண்டு மட்டும். ரீல் வைத்திருக்கிற வாசகர்கள் யாராவது இருந்தால் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நரம்பை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு, அதைப் பிடித்திருக்கும் வளைவுக் கம்பியைத் திறக்க வேண்டும். திறக்க மறந்தால் நரம்பு அறுந்து குண்டு மட்டும் இலங்கைக்குப் போய்விடும். கழி தலையைத் தாண்டி முன்னால் சாயும்போது விரலை விட வேண்டும். அவசரப்பட்டு விட்டால் குண்டு வானத்துக்கு. பிந்தி விட்டால் காலடிக்கு. குண்டு தண்ணீரில் விழுந்ததும் வளைவுக் கம்பியைக் கையாலேயே மூடி, நரம்பை ஒரு இழு இழுத்துத் தளர்ச்சியை எடுத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒரு சுருள் ஒளிந்துகொண்டு, அடுத்த வீச்சில் பழிவாங்கும். முக்கியமாக — பலம் வேண்டியதில்லை. நான் ஓங்கி ஓங்கி வீசியதெல்லாம் பக்கத்தில் விழுந்தது. மங்கை வளையல் குலுங்குகிற அளவுக்குக்கூட அசையாமல் ஒரு வீசு வீசினாள். விர்ரென்று போய் அலைக்கு அந்தப்புறம் விழுந்தது.

"பாருங்க!" என்று குழந்தை மாதிரி கத்தினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. மச்சான் வராவிட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

ஆனால் மச்சான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். உரித்த இறாலை முள்ளில் கோத்தேன். மங்கை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியைத் திறந்தேன், வீசினேன், விரலை விட்டேன். அழகாகப் போய் விழுந்தது. ஒரு சிக்கு இல்லை. மீனும் இல்லை என்பது வேறு விஷயம்.

"பிரமாதம் மாப்ள! கொடுங்க, நான் ஒண்ணு போடுறேன்."

மச்சான் கழியை வாங்கினார். காலை அகட்டிக்கொண்டார். வீசினார். வளைவுக் கம்பி திறக்கவே இல்லை. முள்ளும் குண்டும் கழியைச் சுற்றிக்கொண்டு தொங்கின. அடுத்த தடவை கம்பியைத் திறந்தார், ஆனால் விரலில் நரம்பை மாட்டவில்லை. குண்டு பின்பக்க மணலில் விழுந்தது.

எனக்கும் மங்கைக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. மச்சான் தூண்டில் ரீலைத் தொட்டதே இல்லை!

"அண்ணே... உனக்குத் தெரியாதா?" என்றாள் மங்கை.

மச்சான் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"எனக்கும் ஒண்ணு வாங்குனேன் மங்கை. மாப்ளைக்கு வாங்குன அன்னிக்கே. பரண்லதான் கெடக்கு. அங்க நான் வேலைக்குப் போற வழியில ஒரு ஆறு. ஞாயித்துக்கெழமைன்னா அவனவன் பொண்டாட்டியோட வந்து, சாப்பாடு எடுத்தாந்து, தூண்டிலப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். பாக்கவே ஆசையா இருக்கும். எனக்கு ஞாயித்துக்கெழமைலதான் ஓவர்டைம். மாப்ளைக்காவது நேரம் இருக்கும், நீங்க ரெண்டு பேராவது உக்காருவீங்கன்னுதான்..."

முடிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமாக இந்த மனிதர் எங்களை மட்டமாக நினைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே!

மங்கை கிட்டே போய், அண்ணனின் ஆள்காட்டி விரலைப் பிடித்து நரம்பை அதில் மாட்டினாள்.

"இப்ப கம்பியத் தெற. ம்... பலம் வேணாம்ணே. சும்மா வீசு."

மூன்று தடவை காலடியில் விழுந்தது, ஒரு தடவை வானத்துக்குப் போனது. அப்புறம் ஒன்று உருப்படியாகப் போய் விழுந்தது. வெயில் ஏறுகிற நேரத்தில் நரம்பு வெடுக்கென்று இழுத்தது. மச்சான் "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டே சுற்றினார். வந்தது விரல் நீளக் கிழங்கான். அதைக் கைக்குட்டையில் பொதிந்து, வீடு வரைக்கும் அவரே தூக்கி வந்தார்.

மார்க்கெட் மீனோடு அதுவும் குழம்பில் கொதித்தது. மச்சானின் இலையில்தான் விழுந்தது. முள்ளை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீ நல்லாத்தான் இருக்கே மங்கை."

மங்கை அவசரமாக அடுப்படிக்குள் போய்விட்டாள். ரசம் கொண்டுவர இவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்திருக்கும்.

மச்சான் பாரீஸுக்குக் கிளம்புகிற அன்று வழக்கமான பல்லவிக்காக இருவரும் காத்திருந்தோம். வரவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டே வேறு ஒன்று கேட்டார்.

"மாப்ள, கடக்கரைப் பக்கம் மனை ஏதாச்சும் வந்தா சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மங்கை முந்திக்கொண்டாள்.

"மனை இருக்கட்டும்ணே. மொதல்ல ஒரு ஞாயித்துக்கெழம லீவு போடு."