பொன்னாயியின் ஏழாவது வரிசை

போன ஆடியில் மாரடைப்பு வந்து கண்மூடும் வரை, தலைச்சோலை எஸ்டேட் சரிவில் ஏழாவது காப்பி வரிசை பொன்னாயியுடையதாகத்தான் இருந்தது. அதைப் பிடுங்க நோயும் பார்த்தது, ஆள் கணக்கு எழுதி வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டர் பிரபாகரும் பார்த்தார்.

நாற்பத்தெட்டு வயதில் ரத்தத்தில் கிருமி பரவியபோது உயிரைக் காக்கப் போட்ட ஊசி மருந்து, அவளுடைய உள்காதுகளில் உடம்பை நிலையாக நிறுத்தும் பகுதியைத் தின்றுவிட்டது. காது கேட்டது, நிதானம்தான் போயிற்று. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் நிற்க முடியும். மூடுபனி இறங்கினால் எது மேடு எது பள்ளம் என்று உடம்புக்குத் தெரியாது. அவள் தள்ளாடுவதைப் பார்த்து, காலையிலேயே குடித்துவிட்டு வருகிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. "ஊத்திக் குடுத்தது ஆருன்னு சொல்லுங்க, மிச்சத்தையும் வாங்கியாறேன்" என்றாள்.

சேலத்துக் காது மருத்துவர் கௌரி ஒளிக்காமல் சொன்னார். உள்காதில் மயிரிழை போன்ற செல்கள் செத்துவிட்டன, தானாக முளைக்காது. ஸ்டெம் செல் என்கிற மூலச் செல்லிலிருந்து அவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கிறார்கள். மனிதர் காதில் வைத்துக் குணமாக்கும் நிலை இன்னும் வரவில்லை. இப்போதே செய்து தருகிறோம் என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம். அதுவரை கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையைத் திருப்பிப் பழக வேண்டும். பொன்னாயி அடுப்படிச் சுவரில் கரிப்பொட்டு வைத்து தினமும் பழகினாள்.

பனி நாளில் சரிவுக்கு வராமல் களத்தில் உட்கார்ந்து பழம் பொறுக்கச் சொன்னார் பிரபாகர். மார்கழியில் பனியில்லாத நாள் எது? மறுநாள் ஒரு சுருள் தேங்காய் நார்க் கயிற்றோடு வந்து, வரிசை நெடுக நிழலுக்கு நின்ற சவுக்கில் மரத்துக்கு மரம் இடுப்பு உயரத்தில் கட்டினாள்.

"ஏனுங்க, கயித்து மேல நடந்து காட்டப் போறீங்களா?" என்று கேட்டார் ரைட்டர்.

"புடிச்சுட்டு நடக்கத்தானுங்க. மேல நடந்தா கூலி சேத்திக் கேப்பேன்."

நாலாம் நாள் கைநீட்டினால் விரல் தெரியாத பனி. ஒரு முடிச்சு நழுவியது. பொன்னாயி உருண்டு கீழ்வரிசையில் விழுந்தாள். மடிப்பையிலிருந்த பழமெல்லாம் சிதறியது. ஓடி வந்த பிரபாகர், அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பித்தார். அவள் முட்டிபோட்டுப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உளுந்தது நானுங்க. என்ற வரிசை அங்கயேதான் நிக்குது."

 பிரபாகர் மேலேறிப்போய் அந்த முடிச்சை அவரே இரட்டையாகப் போட்டார்.

அடுத்த முறை சேலம் போனபோது மருத்துவர், ஸ்டெம் செல் சோதனை இங்கே தொடங்கினால் பெயர் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்.

"எழுதிக்குங்க" என்றாள் பொன்னாயி. "பழம் பறிக்கிற மாசத்துல மட்டும் கூப்புடாதீங்க."