பிரதம விருந்தினருக்குப் போட்ட பொன்னாடை

எங்கள் ஆட்களுக்கு விழா என்றால் பிரதம விருந்தினர் ஒருவர் வேண்டும். அவர் எங்களைப் பற்றி ஒன்றுமே அறியாதவராக இருந்தால் இன்னும் விசேஷம். நாங்கள் குடியேறிய நகரத்தில், ஒனிஹங்கா என்ற இடத்தில் நடக்கும் தமிழ்ப் பள்ளியின் பரிசளிப்புக்கு அந்த வருடம் அகப்பட்டவர் ஒரு ஜெர்மன்காரர். கணித மேதை, பல்கலைக்கழகம் ஒன்றின் தலைவர். அங்கேதான் நான் துப்புரவு வேலை செய்தேன். அவருடைய அறையும் என் பொறுப்பில் இருந்தது.

துப்புரவை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்க யோசிப்பதாக அவர் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்த நேரம் அது. "கணிதம் எனக்குக் கற்றுத் தந்தது ஒன்றுதான். தேவையில்லாததை நீக்கினால் மிஞ்சுவது அழகாக இருக்கும்" என்றார். அந்தத் தேவையில்லாதவர்கள் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, இந்த வயதில் வேறு வேலை கிடைப்பது கஷ்டம்.

தமிழ்ப் பள்ளித் தலைவர் ஓய்வுபெற்ற கணக்காளர். அவரிடம் போய், வேலை போகப்போவதைச் சொன்னேன்.

"அப்ப பொன்னாடையை நீரே போடும், தம்பி. போடேக்க காதுக்குள்ள ஒரு சொல்லுச் சொல்லிவிடும். மேடையில வச்சு மாட்டன் எண்டு சொல்லுவாரே?"

"எனக்கு ஆக்களுக்கு முன்னால கதைக்க வராது அண்ணை."

"ஆரப்பா உம்மைப் பேச்சுப்போட்டிக்குக் கூப்பிட்டது? தன்ர அறையைக் கூட்டுற ஆளை அந்தாளுக்குத் தெரியாதே?"

நான் குடியிருந்த ரானுயியிலிருந்து வேலைக்கு ரயிலில் போகும்போதெல்லாம் ஒரே வசனத்தை இங்கிலீஷில் பாடமாக்கினேன். நான் உங்கள் அறையைத் துப்புரவு செய்கிறவன், தயவுசெய்து எங்கள் வேலையை எடுத்துவிடாதீர்கள். அவ்வளவுதான்.

விழாவில் தலைவர் மேதையின் வாழ்க்கை வரலாற்றை வாசித்தார். ஜெர்மனியில் சின்ன ஊரொன்றில் பிறந்தாராம். எழுதப் பழகும் முன்பே எண்ணப் பழகினாராம். பிறகு தேற்றம் ஒன்றை நிறுவினாராம். அது உலகத்தில் சிலருக்கு மட்டுமே விளங்குமாம். அந்தச் சிலரில் தானும் ஒருவர் என்பதுபோலத்தான் தலைவரின் முகம் இருந்தது. நாடு நாடாகப் பதவி வகித்தாராம். அவ்வளவு பெரியவர் தன்னுடைய மேசையைத் தானே துடைப்பாராம். சனம் கை தட்டியது. அந்த மேசையைத் துடைத்த நான், பொன்னாடையோடு படிக்கட்டில் நின்றேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். மேதை பழக்கப்பட்ட மாப்பிள்ளைபோலக் கழுத்தைக் குனித்துக் கொடுத்தார். போர்த்திவிட்டு, அவர் காதுக்குள் வசனம் முழுவதையும் சொன்னேன். ஒரு சொல்லும் தவறவில்லை.

"வொண்டர்ஃபுல், வொண்டர்ஃபுல்" என்றார். என் கையைக் குலுக்கியபடியே கமராவைப் பார்த்துச் சிரித்தார். நான் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. பிறகு மைக்கைப் பிடித்து, பிள்ளைகளே, கணிதம் எனக்குக் கற்றுத் தந்தது ஒன்றுதான் என்று தொடங்கினார். தேவையில்லாததை நீக்கினால் மிஞ்சுவது அழகாக இருக்கும் என்று அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி விரலை உயர்த்தினார். பெற்றோர் எழுந்து நின்று கை தட்டினார்கள். இத்தனை வருடம் படித்தவரிடம் இரண்டாவது வசனம் ஒன்று இருக்கவில்லை.

அந்த மாரி முடிய முன்பே எங்களை நிறுத்தினார்கள். கடைசி நாள் அவருடைய அறைக்குப் போனபோது வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் பொன்னாடை தொங்கியது. அதில் பலகை துடைத்த மை, கறுப்பும் நீலமுமாக. சரிகைத் துணி மையை எடுக்காது, இழுக்கும். பலகை முழுவதும் அழுக்குப் பட்டைகள். அது துடைக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்கக்கூட மேதைக்கு முடியவில்லை. நான் பலகையைத் தொடாமல் கதவைச் சாத்தினேன்.

தலைவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப ஒவ்வொரு நாளும் பாவிக்கிறார் எண்டு சொல்லும்!"

அடுத்த கூட்டத்தில் அதை அறிவிக்கவும் செய்தார்.

இப்போது மனுரேவாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். முதுகு வலிக்கிறது. போன கிழமை தலைவர் போன் எடுத்தார். இந்த வருடம் வங்கி மேலாளர் ஒருவர் வருகிறாராம்.

"பொன்னாடை நீர்தான் போடவேணும், தம்பி. உமக்குப் பழக்கம்தானே."

"பருத்தியில வாங்குங்கோ அண்ணை," என்றேன். "நல்லாத் துடைக்கும்."