சபியா அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வண்டி

சனிக்கிழமை பிற்பகல். மறுநாள் பயணத்துக்கு எடுத்துப்போக அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று, "தனம், சபியாக்கா மவுத்தாயிட்டாகளாம். தொழுதுட்டு உக்காந்தவுக நெஞ்ச பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டாகளாம்" என்றாள். அடுப்பை அணைத்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்த நினைப்பு, நாளைக்கு வண்டியை யார் எடுப்பார்கள் என்பது. அக்கா இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அருப்புக்கோட்டையில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழலையர் பள்ளியின் மஞ்சள் வேனை ஓட்டியவர் என்றால் பிள்ளைகளே அடையாளம் காட்டும். அவரை அறியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாற்பதைச் சில வருஷம் தாண்டிய பெண்மணி. தலையில் முக்காடு, காலில் பிளாஸ்டிக் செருப்பு, வாயில் ஓயாத பேச்சு. வேன் அவர் கணவர் பக்கீர் அண்ணன் வளைகுடாவில் சம்பாதித்து வந்து வாங்கியது. அண்ணன் அங்கே ஒரு பணக்காரர் வீட்டில் டிரைவராக இருந்தவர். ஊருக்குத் திரும்பியதும், இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அக்கா சளைக்கவில்லை. தானே ஓட்டக் கற்று, உரிமம் வாங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார்.

என் கணவரும் வளைகுடாவில்தான் எலெக்ட்ரீசியனாக இருக்கிறார். இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும், "அவுக லீவுல வரட்டும்" என்பதுதான் பதில். பிள்ளைக்குக் காது குத்த வேண்டுமா, அவுக வரட்டும். பொருட்காட்சிக்குப் போக வேண்டுமா, அவுக வரட்டும். வாங்கி வைத்த சைக்கிள்கூடப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மூலையில் நிற்கும். அவர்களோ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார்கள். முதலாளி மனம் வைக்காவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். என் மகள் யாழினிக்கு அந்தச் சைக்கிள் சிறிதாகிக்கொண்டே வந்தது.

ஒருநாள் வேனில் பிள்ளைகள், யார் யார் எங்கெங்கே சுற்றுலா போனோம் என்று பேசிக்கொண்டார்களாம். என் மகள், "நான் ஏர்போர்ட்டுக்குப் போனேன். அங்க அப்பா டாட்டா காட்டுவாரு. எல்லாரும் அழுவாக. திரும்பி வரயில காரியாபட்டில புரோட்டா வாங்கித் தருவாக. ரொம்ப நல்லாருக்கும்" என்றிருக்கிறாள். பிள்ளைக்குத் தெரிந்த ஒரே சுற்றுலாத்தலம் மதுரை விமான நிலையம். அன்று சாயங்காலம் அக்கா இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரரு அங்க வாராவாரம் மொதலாளி பிள்ளைகள கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு, தனம். மணலு, பந்து, ஐஸு, எல்லாம் அவரு கையால. எம்மக ரிஸ்வானா இங்க கடலயே பாக்காம வளந்து, கல்யாணமும் முடிஞ்சு திண்டுக்கல்லு போயிட்டா. அத்தா வரட்டும், அத்தா வரட்டும்னு நாந்தான் சொல்லிச் சொல்லி நிறுத்தி வச்சேன். அத்தா வந்தாக. பிள்ள போயிருச்சு."

அக்கா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார்.

"லீவு அவுகளுக்குத்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. நமக்கு வாராவாரம் வருதுத்தா. வர்ற ஞாயித்துக்கெழம கடலுக்குப் போறோம். சோறு கட்டி வையி."

சொன்னபடியே ஞாயிறு காலை வாசலில் இரண்டு முறை ஹாரன் அடித்தது. வேனுக்குள் என்னைப் போன்ற தாய்மார்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என் மாமியார் நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஆம்பளத் தொண இல்லாம எங்கடி கெளம்பிட்டீக?"

"அத்தே, வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆம்பள ஒருத்தரு எங்க வீட்டுல போர்வைய இழுத்து மூடிப் படுத்திருக்காரு. எழுப்பிக் கூட்டிட்டு வரவா? இல்ல நீங்களே தொணைக்கு ஏறுறீகளா?" என்றார் அக்கா.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் எப்படி மறிப்பது? உள்ளே போய் மாங்காய் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். அடுத்த வாரத்திலிருந்து ஜன்னலோர இருக்கை அத்தைக்குத்தான், யாரும் வாய் திறக்க முடியாது.

அந்த முதல் பயணத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. கார்த்திகை மழை கொட்டித் தீர்த்திருந்த நேரம். சாயல்குடிப் பக்கம் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். ரெட்டியபட்டியைத் தாண்டி, பரளச்சிக்குச் சற்று முன்னால் சாலையோரம் ஒரு கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக நுரைத்துக்கொண்டு வெளியேறியது. கரைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியவில்லை. எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கண்மாய் என்றால் கருவேலம் முளைத்த பொட்டல், ஆடு மேயும் இடம். கண்மாயில் தண்ணீர் இருக்கும் என்றே அதுகளுக்குத் தெரியாது. யாழினி ஜன்னலில் முட்டிக்கொண்டு, "கடலு வந்திருச்சு" என்றாள். வேனே அதிர்ந்தது. அக்கா பிரேக்கை மிதித்தார்.

"இது கடல் இல்லடா, கண்மாய்" என்று நான் வாயெடுத்தேன். அக்கா திரும்பி ஒரு முறை முறைத்தார்.

"ஏத்தா, பிள்ளைக இத்தன பேரு சொல்லுதுக, ஒனக்கு மட்டும் எல்லாம் தெரியுமாக்கும்? செருப்பக் கழட்டுங்கடா. கடலு வந்திருச்சு."

அன்று கடலுக்குப் போகவே இல்லை. கலுங்குக்குக் கீழே, கணுக்கால் அளவு ஓடிய தண்ணீரில் பிள்ளைகள் விழுந்து புரண்டன. அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நடுவில் காவல் நின்றார். சின்ன மீன்கள் காலைக் கடித்தபோது முதலில் கூவியவரும் அவர்தான். நான் எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தேங்காய்ச் சோறும் ஊறுகாயும் அப்படி ஒரு ருசி. வீட்டுக்கு வந்ததும் சைக்கிளின் உறையைக் கிழித்தேன். யாழினி முட்டி இடிக்க இடிக்க அதைத் தெருவில் ஓட்டினாள்.

அதன்பிறகு ஞாயிறு என்றால் வண்டிதான். திருச்சுழிக் கோயில், யாரோ ஒருவர் தோட்டத்துப் பம்புசெட்டு, காரியாபட்டி புரோட்டாக் கடை. இந்த முறை யாரும் அழாமல் புரோட்டா தின்றார்கள். நிஜக் கடலுக்கும் ஒரு வாரம் போனோம். யாழினி ஒரு வாய் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினாள். "யாரு இதுல உப்பப் போட்டுக் கெடுத்தது? நம்ம கடலுதான் நல்லாருக்கு" என்றாள். அக்கா மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

என் கணவர் லீவில் வந்தபோது, மகளுக்குக் கடலைக் காட்டப்போவதாகப் பெருமையாகச் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீகப்பா, எனக்கு வழி தெரியும். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் அவர்தான் அழுதார். யாழினி, ஞாயிற்றுக்கிழமை என்னென்ன பார்த்தோம் என்று போனில் சொல்வதாகச் சமாதானம் செய்து அனுப்பினாள்.

ஒரே ஒருவர் மட்டும் எந்த ஞாயிறும் வண்டியில் ஏறவில்லை. பக்கீர் அண்ணன்தான். அக்கா கூப்பிட்டுப் பார்த்தார், கேலி பேசிப் பார்த்தார். "ஊரான் பிள்ளைகள ஓட்டி ஓட்டி அலுத்துப் போச்சாம்" என்று எங்களிடம் சொல்வார். பிறகு குரலைத் தணித்து, "அலுப்பு இல்லத்தா. கூச்சம். ரிஸ்வானா இல்லாத வண்டில எப்பிடி ஏறுறதுன்னு கூச்சம். என்னைக்காச்சும் ஏறுவாரு, பாத்துக்கிட்டே இரு" என்பார்.

அதைப் பார்க்காமல் அவர் போய்விட்டது எனக்கு ஆறவே இல்லை. அடக்கத்துக்கு ஊரே திரண்டது. வேன் பிள்ளைகள் பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து நின்றன. ரிஸ்வானா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அந்த ஞாயிறு வண்டி அக்கா வீட்டு வாசலிலேயே நின்றது. இனி அது நின்றே இருக்கும் என்று பேசிக்கொண்டோம். ஓட்ட யார் இருக்கிறார்கள்? யாழினி மட்டும், "சபியாம்மா இல்லன்னா ஞாயித்துக்கெழமயும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு காலை, வாசலில் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ஸ்டியரிங்கில் பக்கீர் அண்ணன். சவரம் செய்யாத முகம். பக்கத்து இருக்கையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ரிஸ்வானா.

"பிள்ளைகள ஏறச் சொல்லும்மா. ஞாயித்துக்கெழம வண்டி நின்னா அவ என்னயச் சும்மா விட மாட்டா" என்றார் அண்ணன்.

எங்கே போவது என்று அவர் கேட்கவும் பிள்ளைகள் ஒரே குரலில், "நம்ம கடலுக்கு" என்றன. இந்த வருஷ மழைக்கும் கலுங்கில் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பரளச்சிக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினார். பிள்ளைகள் குதித்து ஓடின. ரிஸ்வானா அசையாமல் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்தாள். அண்ணன் இறங்கிச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். பேரப்பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செருப்பக் கழட்டுத்தா. கடலு வந்திருச்சு" என்றார்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் தண்ணீருக்குள் நடந்தார். மறு கையைப் பிடித்துக்கொண்டு மகள் நடந்தாள். சபியா அக்கா, நீங்கள் சொன்னது நடந்துவிட்டது, அண்ணன் ஏறிவிட்டார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போய் வாருங்கள்.